நிறுவை நாள்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
மகிழடித்தீவில் நிறுவை நாள்.
மண்முனைப் பாலத்தில் வாவிக் காற்று
ஸ்கூட்டியைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும்.
முன்கூடையில் பதிவேடு, தடுப்பூசிப் பெட்டி,
எனக்கு இரண்டு அவித்த முட்டை,
மஞ்சள் கரு நீக்கி.

தராசை வளையில் கொளுவி
முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து
நிறுவைக் காற்சட்டைக்குள்
ஒவ்வொரு பிள்ளையாய்த் தொங்கவிடுவேன்.
சிலது வீறிடும். சிலது என் கண்ணாடியைப் பிடுங்கும்.
ஒருவன் மாதம் தவறாமல்
தராசிலேயே மூத்திரம் பெய்வான்.
"இப்ப குறைஞ்சிருக்கும் மிஸ், திரும்ப நிறுங்க"
என்பாள் தாய்.

இம்முறை தர்மிகாவின் மகன் கேனுஜனுக்கு
நூற்றைம்பது கிராம் குறைவு.
அவள் கண் நிரம்பிவிட்டது.
நேற்றே மருந்துக்கடையில் நிறுத்துப் பார்த்தாளாம்,
முந்தநாள் மீன்காரரின் தராசிலும்.

"என்னகா இது,
ஒரு புள்ளியைப் பார்த்தா அழுறது?
கோட்டைப் பார்.
காய்ச்சல் வந்த மாதம் கொஞ்சம் சரியத்தான் செய்யும்.
தவழுறானா? சிரிக்கிறானா? பால் குடிக்கிறானா?
மாதத்துக்கு ஒருக்கா நிறுத்தாப் போதும்,
மற்ற நாளெல்லாம் பிள்ளையோட விளையாடு."

இருபத்தொரு வருடமாய்ச் சொல்வது.
நான் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தாலும்
வாய் தானாய்ச் சொல்லிவிடும்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் போனபின்
கதவைச் சாத்தினேன்.
மூலையில் கர்ப்பிணிகளை நிறுக்கும் தராசு.
செருப்பைக் கழற்றினேன். மணிக்கூட்டை. தாலிக்கொடியை.
பிறகு ஒவ்வொன்றாய்க்
கொண்டை ஊசிகளை.

காலையில் வீட்டில் எழுபத்தாறு தசம் நான்கு.
இங்கே எழுபத்தாறு தசம் ஒன்பது.
அந்த அரைக் கிலோ
பாலத்தில் எந்த இடத்தில் என்னோடு ஏறியது?

மாசியில் எண்பத்தெட்டு.
சீனி கூடி, பிறஷர் கூடி,
டொக்டர் சொன்னார்:
"ஊருக்குச் சொல்றதை நீங்களும் கொஞ்சம் கேளுங்க."
ஆரையம்பதிக் கடற்கரையில் நடந்தேன்.
முதல் கிழமை மீன்வாடி மட்டும் போகவே மூச்சு முட்டியது.
சித்திரையில் மீன்வாடியைத் தாண்டியதை
யாரும் கவனிக்கவில்லை.
ஒரு நாய் மட்டும் எழும்பிக் குரைத்தது.
எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு!

எந்த நாளில் அது கணக்காய் மாறியது?
கொப்பியின் ஓரத்தில் புட்டு எத்தனை பிடி,
சொதி எத்தனை கரண்டி.
அக்காவின் மகளின் சாமத்திய வீட்டில்
தயிர்ச்சட்டி பந்திக்கு வந்த நேரம்
கைகழுவும் இடத்தில் போய் ஒளிந்து நின்றேன்,
களவெடுத்தவள் மாதிரி.
கடல் பார்க்க மறந்து
காலடிகளை எண்ணிக்கொண்டு நடந்தேன்.

கதவு திறந்தது.
தர்மிகா. பிள்ளையின் தொப்பியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.
வெறுங்காலோடு, அவிழ்ந்த முடியோடு,
நான் தராசின் மேலே.

அவள் ஒன்றும் கேட்கவில்லை முதலில்.
மேசையிலிருந்த ஊசிகளைப் பார்த்தாள்,
தாலிக்கொடியைப் பார்த்தாள்.
கேனுஜன் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துக்
கையைத் தட்டினான்.

"கோடு எப்படி மிஸ்?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
கொஞ்ச நேரத்தில் வேறேதோவும் வந்தது.

அன்றிரவு கொப்பியைக் கிழிக்கவில்லை.
அவ்வளவு வீரம் எனக்கில்லை.
கடைசித் தாளில், மாதத்துக்கு ஒன்றாய்,
எட்டுப் புள்ளி வைத்து இழுத்தேன்.
பாலத்தின் அந்தப் பக்கம் இறங்குவது போல
மெதுவான சரிவு.
ஆடியில் ஒரு சின்ன மேடு. வாக்கரைத் தங்கச்சி
பாலைப்பழம் அனுப்பிய மாதம்.
அந்த மேட்டை அழிக்க மனம் வரவில்லை.

வீட்டுத் தராசு இப்போது அலுமாரிக்கு மேலே.
எட்டுவதென்றால் கதிரை வேண்டும்.
நேற்றுக் கதிரையை ஒருதரம் பார்த்தேன்,
பொய் சொல்லவில்லை.
பார்த்துவிட்டு நடக்கப் போனேன்.
மழைக்கோலம். கடல் கறுத்துக் கிடந்தது.
எத்தனை அடி நடந்தேன் என்று தெரியாது.

இரண்டாம் செவ்வாய் வரும்.
முட்டையை முழுசாய்க் கட்டிக்கொண்டு போவேன்.
கேனுஜனை நிறுத்த பிறகு என் முறை.
செருப்பைக் கழற்றுவேன்.
கொண்டை ஊசி இருக்கட்டும்.